கூல் ரூம் பேனலைக் கழற்றிக் கூரைக்குப் போட்டால் காபன் எவ்வளவு மிச்சம்?

கூரைநிழல்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் பழைய இரண்டு மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் சின்ன அலுவலகம் ஒன்று எழுப்பும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது. இரும்புச் சட்டம், தகரக் கூரை, ஏசி. கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர். வீட்டுக்காரரின் மகள் லண்டனில் படித்தவர். மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், "பொருள்களைச் செய்து கொண்டுவந்து கட்டி முடிப்பதற்குள்ளேயே எவ்வளவு காபன் போகிறது, அதை எப்படிக் குறைப்பீர்கள்?" என்கிறார்.

பேலியகொடையில் மீன் ஏற்றுமதிக் கட்டடம் ஒன்றின் கூல் ரூம்களைக் கழற்றுகிறார்கள். 100 மிமீ தடிப்புள்ள சான்ட்விச் பேனல்கள், இரண்டு பக்கமும் வெள்ளைத் தகடு, நடுவில் பொலியூரிதேன் நுரை. புதிதில் பாதி விலைக்கும் குறைவாகத் தருவதாக மேசன் பாஸ் சொல்கிறார். வெப்பத் தடுப்புக்குப் புதிதாக எதுவும் வாங்காமல் இதையே கூரைக்குப் போட்டால் எவ்வளவு காபன் மிச்சம் என்று காட்டலாம்? யாராவது இங்கே செய்து பார்த்திருக்கிறீர்களா? ஐரோப்பாவில் இது சாதாரணம் என்று அந்தப் பிள்ளை சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை

தம்பி, முதலில் கணக்கைப் போடுவோம்.

அரை மில்லிமீட்டர்த் தகடு இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 8 கிலோ இரும்பு. நுரை கன மீட்டருக்கு 40 கிலோ என்று வைத்தால், 100 மிமீக்கு 4 கிலோ. நாகம் பூசிய தகடு கிலோவுக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ காபனீரொட்சைட்டு; நுரை கிலோவுக்கு நான்கு அளவில். ஆக, ஒரு சதுர மீட்டர்ப் பேனலில் தகட்டுக்கு 20 கிலோவுக்கு மேல், நுரைக்கு 16. எல்லாரும் நுரையைப் பற்றியே கதைக்கிறார்கள், காபனின் பெரிய பங்கு தகட்டில் இருக்கிறது.

100 சதுர மீட்டருக்கு மூன்றரை, நான்கு தொன். 125 மிமீ கொங்கிரீட் ஸ்லாப் ஒன்றை அதே பரப்புக்குப் புதிதாக ஊற்றினால் கம்பியைச் சேர்க்காமல் கொங்கிரீட்டுக்கு மட்டும் போவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த நான்கு தொன்னை அப்படியே "மிச்சம்" என்று எழுதிவிடாதீர்கள். பழைய பேனல் கிடைக்காவிட்டால் என்ன போட்டிருப்பீர்கள்? புதிய 100 மிமீ பேனலா? கொழும்பில் யார் போடுகிறார்கள்? தகரம், கீழே ஃபொயில், 50 மிமீ கிளாஸ் வூல், அவ்வளவுதானே. தகரம் சதுர மீட்டருக்கு 4 கிலோ, அதன் காபன் 10, 11 கிலோ. கிளாஸ் வூல் ஒரு கிலோவுக்கும் சற்று அதிகம், அதன் காபன் ஒன்றரைக் கிலோ. மொத்தம் 12, 13 கிலோ. ஆக நீங்கள் தவிர்த்தது 100 சதுர மீட்டருக்கு ஒன்றே கால் தொன். நான்கு இல்லை.

கூரைநிழல்

நன்றி அண்ணா. ஒன்றே கால் தொன் என்றாலும் பரவாயில்லை, காட்டலாம். போக்குவரத்தைச் சேர்க்கவில்லையே?

கணக்குப்பிள்ளை

பேலியகொடையிலிருந்து வெள்ளவத்தைக்கு லொறி இரண்டு மூன்று தடவை வந்தாலும் சில லீற்றர் டீசல். லீற்றருக்கு 2.7 கிலோ. ஹோர்ன் அடித்துக்கொண்டு காலி வீதி நெரிசலில் நின்றாலும் கணக்கைத் தொடாது. அதை விடுங்கள்.

குளிரறைக்காரன்

இருபது வருடத்துக்கு மேல் கூல் ரூம் பூட்டியும் கழற்றியும் வருகிறேன், நான் கொஞ்சம் சொல்கிறேன்.

கூல் ரூம் பேனல் கூரைத் தகடு இல்லை. முகம் தட்டை. இரண்டு பேனல் சேரும் இடம் நாக்கும் பள்ளமுமாக இருக்கும், உள்ளே கொக்கிப் பூட்டு. அறைக்குள் குளிரைப் பிடித்து வைக்கச் செய்த இணைப்பு அது, மழையைத் தாங்கச் செய்ததில்லை. கொழும்பில் வருடத்துக்கு 2400 மிமீ அளவில் மழை. வெளியே விரித்து சிலிக்கன் பூசினால் முதல் தென்மேல் பருவக்காற்றோடு ஒழுகும். ஆகவே மேலே எப்படியும் தகரம் வேண்டும். பேனல் அதற்குக் கீழேதான்.

மற்றது, எந்த அறையின் பேனல் என்று கேளுங்கள். சுழியத்துக்கு மேலே ஓடிய அறையின் சுவரும் மேல்தட்டும் நல்லவை. மைனஸ் 18இல் வருடக் கணக்காக ஓடிய ஃபிரீசர் அறையாக இருந்தால் வெளிக்காற்றின் ஈரம் இணைப்புகள் வழியாக நுரைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். நிலத்துப் பேனலை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். சோதிப்பது சுலபம், தராசு போதும். உங்கள் பேனல் சதுர மீட்டருக்கு 12 கிலோ அளவில் வர வேண்டும். 3 மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம் என்றால் 41, 42 கிலோ. 50ஐத் தாண்டினால் உள்ளே தண்ணீர். தட்டிப் பாருங்கள், தகடு நுரையை விட்டுப் பிரிந்த இடத்தில் சத்தம் மாறும்.

மீன் கட்டடம் என்கிறீர்கள். உப்புத் தண்ணீர் கீழ் விளிம்பில் நாகப் பூச்சைத் தின்றிருக்கும். நாற்றத்தைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன்: தகட்டைக் கழுவினால் போய்விடும், வெட்டிய விளிம்பில் நுரை குடித்திருந்தால் போகாது.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் என் கணக்கை மாற்ற வேண்டும். மேலே புதுத் தகரம் போடத்தான் வேண்டும் என்றால் தகரத்தின் 10 கிலோ மிச்சம் இல்லை. பேனல் தவிர்ப்பது கிளாஸ் வூலையும் ஜிப்சம் சீலிங்கையும் மட்டும். சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோ. மொத்தம் அரைத் தொன்.

நான்கு தொன் ஒன்றே காலாகி, இப்போது அரையாகி நிற்கிறது. இன்னும் இரண்டு பேர் எழுதினால் நாம் காபன் கடன்காரர் ஆகிவிடுவோம்.

ஈரக்காற்று

கட்டடங்களுக்கு ஏசி வடிவமைக்கிறவள் நான். கணக்குப்பிள்ளை அண்ணாவின் தர்க்கம் சரி, ஆனால் ஒரு பக்கம் மட்டும்.

50 மிமீ கிளாஸ் வூல் தரும் வெப்பத் தடையைப்போல மூன்று மடங்கு 100 மிமீ பழைய பேனல் தரும், நுரை வயதாகிச் சற்றுத் தளர்ந்திருந்தாலும். உச்சி வெயிலில் தகரம் 65 பாகைக்குப் போகும். உள்ளே 25. அந்த நேரத்தில் 100 சதுர மீட்டர்க் கூரை வழியாக இறங்கும் வெப்பத்தில் ஒன்றரைக் கிலோவாட் வித்தியாசம் வரும், ஏசிக்கு அரைக் கிலோவாட். நம்முடைய மின்சாரத்தில் நுரைச்சோலை நிலக்கரியின் பங்கு தெரிந்ததுதான். சில வருடத்தில் அந்த அரைத் தொன்னைத் தாண்டிவிடும். கட்டும்போது போகும் காபனையும் பாவிக்கும்போது போகும் காபனையும் வேறு வேறு வரியில் எழுதுங்கள், ஒன்றாகக் கலந்து பெரிய எண்ணாகக் காட்ட வேண்டாம்.

அப்புறம் அந்தப் பிள்ளை லண்டனிலிருந்து கொண்டுவரும் கையேடுகளைப் பற்றி. அங்கே வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், அதனால் நீராவித் தடுப்பை உட்பக்கம் போடச் சொல்வார்கள். இங்கே நேர்மாறு. கொழும்புக் காற்றின் பனிபடுநிலை வருடம் முழுக்க 23, 24 பாகையை ஒட்டியே நிற்கும். ஏசி அறையின் மேற்பரப்பு அதற்குக் கீழே இறங்கினால் அங்கே தண்ணீர். தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பேனலில் இரண்டு பக்கமும் தகடு என்பதால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்தது. பழைய கிளாஸ் வூலை எடுத்து இதே இடத்தில் போட்டிருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், குறிப்பாகக் குளிர்நீர்க் குழாய்க்கும் டக்டுக்கும். ஃபொயில் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், நனைந்த பஞ்சு கூரையில் பாரமாகத் தொங்குமே தவிர வேறு வேலை செய்யாது.

கொட்டாஞ்சேனை வாசி

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே டிவி பெட்டி, பிரிட்ஜ் பெட்டியில் வரும் ரெஜிபோமைச் சேர்த்து ஒட்டலாமா? செலவே இல்லை. பக்கத்து வீட்டில் ஒட்டியிருக்கிறார்கள், நல்ல குளிர்ச்சி என்கிறார்கள்.

ஈரக்காற்று

வேண்டாம். பொதி ரெஜிபோமில் தீயைத் தடுக்கும் மருந்து பொதுவாகச் சேர்ப்பதில்லை. வயரிங் ஒன்று சூடானால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், புகை கறுப்பாகக் கிளம்பும், கொட்டாஞ்சேனை வரிசை வீடுகளில் சுவர் உங்களுடையது மட்டும் இல்லை. எறும்பும் எலியும் வேறு. கூரைக்கு மேலே வெள்ளை வெப்பப் பிரதிபலிப்புப் பெயின்ட் அடியுங்கள், கீழே ஒரு அங்குலம் காற்று இடைவெளி விட்டு ஃபொயில் இழுங்கள். கொழும்பில் வெப்பம் மேலிருந்து கதிராக இறங்குகிறது, அதற்கு இதுவே நன்றாக வேலை செய்யும்.

கட்டடத்துக்கென்று செய்த பழைய ரெஜிபோமில் தீ மருந்து இருக்கும்தான், ஆனால் பல இடங்களில் அது எச்.பி.சி.டி. என்ற இரசாயனம். சூழலில் அழியாமல் நிற்கும் நச்சுகளை ஒழிப்பதற்கான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் 2013இல் சேர்த்தார்கள். இருந்தாலும் தொல்லை, இல்லாவிட்டாலும் தொல்லை.

பழையகூரை

இவ்வளவு கணக்கும் போடுகிறீர்கள். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 60களிலேயே சீமெந்துச் சீற்றின் மேல் அரைவட்ட ஓட்டைப் பரப்பி முடித்துவிட்டார். சீற் மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும், நடுவில் காற்று. இடிக்கிற வீட்டு ஓட்டை வாங்கிப் போட்டால் மீள்பயன்பாடும் ஆயிற்று. நுரையும் வேண்டாம், நாற்றமும் வேண்டாம்.

ஆனால் அந்தக் காலத்துச் சீற்றில் அஸ்பெஸ்டஸ் என்பதை யாரும் சொல்வதில்லை. தம்பி, உங்கள் வெள்ளவத்தை வீட்டு மொட்டை மாடியில் பழைய சீற் கொட்டகை ஏதும் இருந்தால் உடைக்காதீர்கள், துளைக்காதீர்கள். ஈரமாக்கி முழுசாக இறக்குங்கள். அதை மட்டும் "மீளப் பாவிக்கிறோம்" என்று யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இறக்குமதியை நிறுத்துவதாகச் சொன்ன அரசாங்கம், 2017 டிசம்பரில் நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா, தேயிலைப் பொதியில் வண்டு என்று நம் தேயிலையை நிறுத்தியதும் பின்வாங்கியது. அதனால் இந்தச் சீற் இன்னும் பல வருடத்துக்கு நம் தலைக்கு மேலே இருக்கும்.

கணக்குப்பிள்ளை

ஐயா, ஓட்டின் பாரத்தை அந்தப் பழைய ஸ்லாப் தாங்குமா என்று யார் கையெழுத்து வைப்பது? சீற்றோடு சேர்த்து ஓட்டுக் கூரை சட்டத்துக்கே வேறு இரும்பு கேட்கும்.

பாரம் என்றதும்தான் ஒன்று படுகிறது. கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பேனலைச் சுவருக்குப் போட்டால் என்ன? சீமெந்துக் கல் சுவர், இரு பக்கமும் பூச்சு என்றால் சதுர மீட்டருக்கு 200 கிலோவை நெருங்கும், காபன் 25 கிலோ அளவில். பேனல் 12 கிலோ. பழைய ஸ்லாப்பைப் பலப்படுத்தும் தேவையே வராமல் போகலாம். அங்கேதான் உண்மையான மிச்சம், ஏனென்றால் பலப்படுத்துவது என்றால் இரும்புச் சட்டமும் புதுக் கொங்கிரீட்டும்.

கூரைநிழல்

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் எஞ்சினியர் முதல் நாளே சுவரின் பாரத்தைப் பற்றித்தான் முறையிட்டார். 60 சதுர மீட்டர்ச் சுவர் வரும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பக்கம் இரண்டடி கூட இல்லை, அது சரிவருமா?

ஈரக்காற்று

அந்தப் பக்கம் கல் சுவர்தான். பேச்சே இல்லை.

2017 ஜூன் 14, லண்டன் கிரென்ஃபெல் டவர். 72 பேர். தீயைப் பரப்பியதில் முதல் குற்றவாளி வெளிப்பூச்சு அலுமினியப் பலகையின் பொலிதீன் உள்ளீடு, அதன் பின்னாலிருந்த நுரையும் கூட எரிந்தது. இங்கிலாந்தில் அதற்குப் பிறகு எரியும் நுரைக்கு உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் இடமே இல்லாமல் போய்விட்டது. உங்களுடையது உயர்ந்த கட்டடம் இல்லைதான். ஆனால் பழைய பேனலுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, உள்ளே இருப்பது சாதாரண பொலியூரிதேனா தீக்குத் தாக்குப்பிடிக்கும் வகையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. எரியும் வகை என்றே வைத்து வடிவமையுங்கள்: உட்பக்கம் முழுக்க ஜிப்சம் போர்டு, விளிம்புகளைத் தகட்டால் மூடுவது, வயரைப் பேனலுக்குள் விடாமல் வெளியே குழாயில் கொண்டுபோவது, படிக்கட்டைச் சுற்றிக் கல் சுவர். ஒரு துண்டைத் தனியே கொண்டுபோய்ப் பாதுகாப்பான இடத்தில் எரித்துக் காட்டினால் வீட்டுக்காரரே நம்புவார், ஜிப்சத்துக்குக் காசு தருவார்.

ஆமர் வீதி

பழைய இரும்பு வாங்கி விற்கிறோம். இந்த மாதிரி இழையில் எழுதிப் பழக்கம் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்.

பேனல் எங்களிடம் வந்தால் நல்லது ஐஸ் கடைக்கும் கோழிப் பண்ணைக்கும் போகும். நெளிந்தது, வெட்டுப்பட்டது எல்லாம் தகட்டுக்காக. தகட்டை உரித்தால் இரும்பு விலை. நுரைக்கு ஆள் இல்லை. சில இடத்தில் எரிக்கிறார்கள், சில இடத்தில் குப்பையோடு போகிறது. 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றபோது கெட்ட பேனலுக்குக்கூட அடிபிடி. இப்போது மறுபடி எல்லோருக்கும் புதுசு வேண்டும்.

குளிரறைக்காரன்

ஆமர் வீதி அண்ணன் சொன்னதில்தான் பெரிய கணக்கு இருக்கிறது, யாரும் இன்னும் தொடவில்லை. வாயு.

நுரையை ஊதவைத்த வாயு குமிழிக்குள்ளேயே இருக்கிறது. மிகப் பழைய பேனலென்றால் ஓசோனைத் தின்னும் சி.எப்.சி. 11. நம்மைப்போன்ற நாடுகளில் 2010 தொடக்கத்தோடு அது முடிந்தது. அதன் இடத்துக்கு வந்தது எச்.சி.எப்.சி. 141பி. இப்போது சைக்ளோபென்டேன், அது பெரிய தீங்கில்லை, ஆனால் எரியும்.

தம்பியின் 100 சதுர மீட்டர்ப் பேனலில் நுரை 400 கிலோ. ஊதிய காலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு வாயு என்றால் 40 கிலோ. பூமியைச் சூடாக்குவதில் 141பி காபனீரொட்சைட்டைப்போல 725 மடங்கு, ஆக 29 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். சி.எப்.சி. 11 என்றால் 4,750 மடங்கு, 190 தொன். வருடங்களில் ஒரு பகுதி கசிந்திருக்கும், ஆனால் இரு பக்கமும் தகடு மூடியிருப்பதால் நிறைய உள்ளேயே நிற்கும். நீங்கள் அரைத் தொன்னுக்கும் ஒன்றே காலுக்கும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

இது என் தூக்கத்தைக் கெடுக்கும் தகவல். ஆனால் இதை இந்த வீட்டின் கணக்கில் எழுத முடியாது. கட்டடங்களின் சூழல் தாக்கத்தைக் கணக்கிடும் ஐரோப்பியத் தரமான ஈ.என். 15978 முறைப்படி கழற்றிய பிறகு நடப்பது பழைய கட்டடத்தின் முடிவுக் கட்டத்தில் சேரும். மீள எடுத்த பொருள் புதுக் கட்டடத்துக்குள் கிட்டத்தட்ட சுமையில்லாமல் வருகிறது, சுத்தம் செய்வதும் ஏற்றி இறக்குவதும் மட்டும் நம் கணக்கு. மீன் கட்டடத்துக்காரரும் "மறுபாவனைக்குக் கொடுத்தோம்" என்று பெருமை எழுதி, நாமும் அதையே எழுதினால் ஒரே நன்மை இரண்டு தடவை.

அறிக்கையில் ஒரு குறிப்பாகப் போடுங்கள். இந்தப் பேனல் உரிபடாமல் நிற்பதால் உள்ளே அடைபட்டிருக்கும் வாயு என்று, கூட்டுத்தொகைக்கு வெளியே.

ஈரக்காற்று

அது வடிவமைப்பையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு வெட்டும் குமிழியைத் திறக்கிறது. ஜன்னலைப் பேனலின் நடுவில் வெட்டாதீர்கள், பேனலுக்கும் பேனலுக்கும் இடையில் முழு உயர ஜன்னலாக வையுங்கள். அறையின் உயரத்தைப் பேனலின் நீளத்துக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள். கிரைண்டரால் வெட்டுவது அறவே வேண்டாம், தீப்பொறி. வெட்டியே ஆகவேண்டும் என்றால் பல் வாளால், தூளைத் துணி விரித்துச் சேகரித்து. அந்த ஒழுங்கையின் வடிகானெல்லாம் கடலுக்குப் போகிறது. 2021இல் கொழும்புக் கடலில் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணியைக் கரையில் பொறுக்கியவர்கள் இதைச் சொல்லாமலே செய்வார்கள்.

மிஞ்சும் துண்டுகளைக் குப்பை லொறிக்குக் கொடுக்காமல், கழிவை எரிபொருளாக எடுக்கும் புத்தளம் சீமெந்துச் சூளைக்கு அனுப்ப வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் வாயு சிதைந்துவிடும். திறந்த வெளியில் எரிப்பதோடு ஒப்பிடவே முடியாது.

பழையகூரை

ஒரு மொட்டை மாடி அறைக்கு இவ்வளவா? சீமெந்து மூட்டையைக் குறையுங்கள், இரும்பைக் குறையுங்கள், உள்ளதை இடிக்காதீர்கள். அதைச் செய்தால் நுரை எல்லாம் தூசு.

கணக்குப்பிள்ளை

ஐயா சொல்வது சரி, பெரிய கட்டடத்துக்கு. அங்கே வெப்பத் தடுப்பின் பங்கு மொத்தத்தில் சின்னது, கொங்கிரீட்டும் கம்பியும்தான் ஆள்கின்றன. இங்கே பழைய வீட்டை இடிக்கவில்லை, ஸ்லாப் ஊற்றவில்லை, அதனால் மிஞ்சியிருப்பவற்றில் இது பெரியதாகத் தெரிகிறது.

கூரைநிழல் தம்பி, காசு விஷயம். வேலை அளவுப் பட்டியலில் (பீ.ஓ.கியூ) "மீளப் பாவிக்கும் பேனல்" என்று எழுதிக் கொன்ட்ராக்டரிடம் விட்டால் அவர் பயத்துக்கு விலை ஏற்றுவார், அல்லது கடைசி நாளில் "கிடைக்கவில்லை" என்று புதிதைக் கொண்டுவருவார். வீட்டுக்காரரே வாங்கிக் கொடுக்கட்டும், பூட்டுகூலி மட்டும் டெண்டரில். நெளிந்தது கழிந்தது போகத் தேவைக்கு மேலே பத்து வீதம் கூடுதலாக எடுங்கள். ஒழுகாமைக்கான உத்தரவாதம் மேலே போடும் புதுத் தகரத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பேனலை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கைக்குள் இடம் இருக்காது, மழைக்குள் நின்றால் விளிம்பு வழியாகக் குடித்துவிடும். கிறீன் பில்டிங் கவுன்சிலின் மதிப்பீட்டுக்குப் போவதென்றால் பொருள் மறுபயன்பாட்டுக்குப் புள்ளி உண்டு, வாங்கிய பற்றுச்சீட்டும் கழற்றிய இடத்தின் படமும் கேட்பார்கள்.

கூரைநிழல்

எல்லோருக்கும் நன்றி. வீட்டுக்காரரோடும் எஞ்சினியரோடும் கதைத்தாயிற்று. வீதிப் பக்கமும் பின்பக்கமும் பேனல் சுவர், பக்கத்து வீட்டுப் பக்கமும் படிக்கட்டும் கல். மிஞ்சும் முழுப் பேனல்கள் தகரத்துக்குக் கீழே. உயரத்தை 3 மீட்டருக்கு மாற்றிவிட்டோம், வெட்டே இல்லை. அந்தப் பிள்ளை 190 தொன் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அதையே முதல் பக்கத்தில் போடச் சொன்னார், கணக்குப்பிள்ளை அண்ணாவின் பதிலைக் காட்டி ஒருவாறு அடிக்குறிப்புக்கு இறக்கினேன்.

சனிக்கிழமை பேலியகொடைக்குப் போகிறோம். தராசு எடுத்துப் போகிறேன். வேறு என்ன பார்க்க?

குளிரறைக்காரன்

தகட்டின் உள்விளிம்பிலோ கதவுச் சட்டத்திலோ செய்த வருடமும் கம்பனியும் ஒட்டியிருக்கும், படம் எடுங்கள். 2010க்கு முந்தியது என்றால் ஒரு வெட்டுக்கூடப் போடாதீர்கள்.

கழற்றுபவர்களை முதலே பிடியுங்கள். கொக்கிப் பூட்டைத் திறக்கச் சின்ன துளைக்குள் அறுகோணச் சாவி விட்டுத் திருப்ப வேண்டும். சாவி இல்லாதவன் அலவாங்கால் நெம்புவான், நாக்கு நொறுங்கும், பிறகு அந்தப் பேனல் ஆமர் வீதி அண்ணனுக்குத்தான். சாவியையும், துளையை மூடும் பிளாஸ்டிக் மூடிகளையும் பேனலோடு சேர்த்து விலை பேசுங்கள். கழற்றும் வரிசையில் சோக்கால் இலக்கம் போடச் சொல்லுங்கள், அதே வரிசையில் பூட்டினால் பாதி வேலை.

ஆமர் வீதி

மூடி என்னிடம் ஒரு சாக்கு இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காசு வேண்டாம்.